யாருடைய ஜட்டி தெரிந்தால் ஃபேஷன்?

2023 மார்ச். பாரிஸ் நகரின் பாலே டியேனா மண்டபத்தில் மியூ மியூ நிறுவனத்தின் ஃபேஷன் ஷோ. கடைசியாக மேடைக்கு வந்தவர், ‘தி க்ரௌன்’ தொடரில் இளவரசி டயானாவாக நடித்துப் பெயர் வாங்கிய எம்மா கோரின். மேலே கம்பளிப் பின்னலாடை. கீழே பேன்ட் இல்லை, பாவாடை இல்லை. தோல் தெரியும் மெல்லிய காலுறை, அதன்மேல் சமிக்கி மின்னும் ஜட்டி. அவ்வளவுதான் உடை. நடந்து வந்தார், நின்றார், திரும்பிப் போனார். அடுத்த சில நாட்களுக்கு உலகத்தின் ஃபேஷன் பக்கங்கள் எல்லாம் அந்த ஜட்டியைப் பற்றியே பேசின.

இதை வடிவமைத்த மியூச்சா பிராடாவுக்கு அப்போது 73 வயது. அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். பரபரப்புக்காகத் துணியைக் குறைக்கிறவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. அந்த மேடைக்கு நான்கு மாதம் முன்பே, 2022 நவம்பரில், அமெரிக்க மாடல் கெண்டல் ஜென்னர் லாஸ் ஏஞ்சலிஸ் தெருவில் ஸ்வெட்டர், காலுறை, ஜட்டி என்று நடந்து போன படங்கள் வெளியாகியிருந்தன. அது பொட்டேகா வெனெட்டா நிறுவனத்தின் உடை. அதன் பிறகு வரிசையாக வந்தன. ஆண்களின் பாக்ஸர் டிரவுசரைப் பெண்கள் வெளியாடையாகவே போட்டார்கள். ஜீன்ஸ் இடுப்புக்குக் கீழே இறங்கியது, உள்ளே இருந்த எலாஸ்டிக் பட்டி வெளியே வந்தது. சட்டைக்கு மேல் பிரா ஏறியது. 2025 மார்ச்சில் அதே மியூ மியூ மேடையில், 1950களின் கூம்பு வடிவ பிராக்கள் மெல்லிய ஸ்வெட்டர்களுக்குள் துருத்திக்கொண்டு தெரிந்தன. வியாபாரத்துக்கு இதனால் கேடு ஒன்றும் வரவில்லை. 2024இல் மியூ மியூவின் சில்லறை விற்பனை முந்தைய ஆண்டைவிட 93 சதவீதம் உயர்ந்ததாக அதன் தாய் நிறுவனமான பிராடா குழுமம் கணக்குக் காட்டியது.

இந்த உடைகளைப் பற்றி இரண்டு பேச்சுகள் வழக்கமாக எழும். வெட்கம் கெட்டுப் போச்சு என்பது ஒன்று. என் உடம்பு, என் உரிமை என்பது இன்னொன்று. இரண்டாவது பேச்சின் பக்கம்தான் நான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளவும் மனம் வரவில்லை. ஒரே எலாஸ்டிக் பட்டி ஒருவர் இடுப்பில் தெரிந்தால் அட்டைப்படம், இன்னொருவர் இடுப்பில் தெரிந்தால் கைவிலங்கு. இது கற்பனை இல்லை, நடந்த கதை. உள்ளாடை வெளியே தெரிவதன் வரலாறு முழுக்க இந்தக் கேள்விதான் ஓடுகிறது: காட்ட அனுமதி யாருக்கு, அதை வழங்குகிறவர் யார்?

முதலில் ஒரு ராணியின் கதை. 1783இல் பாரிஸ் ஓவியக் கண்காட்சியில் பிரெஞ்சு ராணி மரி அந்துவானெத்தின் படம் ஒன்று மாட்டப்பட்டது. வரைந்தவர் எலிசபெத் விஜே லெ ப்ரன் என்ற பெண் ஓவியர். படத்தில் ராணி பட்டு அணியவில்லை, நகைகள் இல்லை. இடையில் ஒரு நாடா கட்டிய வெள்ளை மஸ்லின் கவுன், வைக்கோல் தொப்பி. அன்றைய பிரெஞ்சுக்காரர்கள் கண்ணுக்கு அது கவுனாகத் தெரியவில்லை. கவுனுக்குள் போடும் ஷெமீஸ், அதாவது உள்சட்டை போலிருந்தது. ராணியை உள்ளாடையோடு வரைந்துவிட்டார்கள் என்று கூச்சல் எழுந்தது. படத்தை இறக்கிவிட்டு, ஏறக்குறைய அதே நிலையில் ராணி பட்டுக் கவுனில் நிற்கும் இன்னொரு படத்தை மாட்டினார்கள்.

கோபத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. மஸ்லின் பிரான்சின் துணி இல்லை, கிழக்கிலிருந்து கப்பலில் போன பருத்தி. அதில் வங்காளத்து மஸ்லினுக்குத் தனிப் பேர். பட்டை விட்டு ராணி பருத்திக்குப் போனால் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டார்கள். மானம் போச்சு என்ற கூச்சலைக் கிளறிப் பார்த்தால் அடியில் பெரும்பாலும் பணமோ அதிகாரமோ இருக்கிறது. சில ஆண்டுகளில் அதே வெள்ளை கவுன் ஐரோப்பாவின் நாகரிகப் பெண்கள் எல்லோருடைய வெளியாடையாகவும் ஆகிவிட்டது.

டி-ஷர்ட்டும் உள்ளாடையாகப் பிறந்ததுதான். அமெரிக்கக் கடற்படையினர் சீருடைக்குள் போட்ட பனியன் அது. 1951இல் ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்’ படத்தில் நடிகர் மார்லன் பிராண்டோ மேலுக்கு அதை மட்டும் போட்டுக்கொண்டு திரையில் நின்றார். 1955இல் நடிகர் ஜேம்ஸ் டீனும் அப்படியே நின்றார். அதற்குப் பிறகு அதை உள்ளாடை என்று சொல்ல ஆளில்லை. இன்று வங்கி மேலாளர் ஞாயிற்றுக்கிழமை அதை அணிந்து கோயிலுக்கே போகிறார்.

பெண்கள் பக்கம் இந்த நகர்வு தாமதமாகவும் சண்டையோடும் நடந்தது. 1982இல் லண்டனில் வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் தடித்த சட்டைகளுக்கு மேல் சாட்டின் பிராவைப் போட்டு மாடல்களை அனுப்பினார். பாரிஸ் வடிவமைப்பாளர் ஜான் பால் கோத்தியே, சிறுவயதில் பாட்டியின் அலமாரியில் பார்த்த கார்செட்டை மறக்காதவர். தன் கரடி பொம்மைக்கே காகிதத்தில் கூம்பு பிரா செய்து போட்டவர். 1990 ஏப்ரலில் ஜப்பானில் தொடங்கிய பாடகி மடோனாவின் ‘ப்ளாண்ட் ஆம்பிஷன்’ இசைப் பயணத்துக்கு அவர் தைத்த கூம்பு கார்செட்டை அறியாதவர்கள் குறைவு. இடுப்பை நெரித்து ஆணுக்காக உடம்பை வடித்துக் கொடுத்த கருவியை, கேடயத்தைப் போல வெளியே மாட்டிக்கொண்டு ஆடினார் மடோனா.

1996 டிசம்பரில் நியூயார்க்கின் மெட் காலா விருந்துக்கு இளவரசி டயானா வந்தது, அந்தச் சத்தம் எதுவும் இல்லாத இன்னொரு வகை. விவாகரத்து ஆகி நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வடிவமைப்பாளர் ஜான் கலியானோ டியோர் நிறுவனத்துக்காகத் தைத்த கருநீல சாட்டின் உடை, தோளில் மெல்லிய பட்டி, ஓரத்தில் லேஸ். பார்வைக்கு இரவு உடையேதான். உள்ளே தைத்திருந்த கார்செட்டை டயானா பிய்த்தெடுத்துவிட்டு அணிந்து வந்தார் என்று கலியானோ பின்னால் சொன்னார். அரண்மனை தனக்கு என்ன உடுத்தச் சொன்னதோ அதிலிருந்து வெளியே வந்த பெண்ணின் உடையாகத்தான் எனக்கு அது இன்றும் தெரிகிறது.

*

இனி அந்த எலாஸ்டிக் பட்டி. கதையின் கனமான பகுதி இதுதான்.

நம்மூர் ஜட்டியில் இரண்டு வகை உண்டு. திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர்கள் இன்னர் எலாஸ்டிக், அவுட்டர் எலாஸ்டிக் என்பார்கள். முதல் வகையில் எலாஸ்டிக்கைத் துணிக்குள் மடித்துத் தைத்துவிடுவார்கள், வெளியே தெரியாது. இரண்டாவதில் அகலமான பட்டியே மேல் விளிம்பு. ரப்பர் இழையோ ஸ்பான்டெக்ஸ் இழையோ ஓட, அதன் மேல் வண்ண நூலால் கம்பெனியின் பெயரை நெய்து விடுவார்கள். நீளநீளமாகச் சுருளில் வரும் அந்தப் பட்டியை அளவு பார்த்து வெட்டி, வளையமாக்கி, ஜட்டித் துணியோடு சேர்த்துத் தைக்க வேண்டும். பட்டியை இழுத்துப் பிடித்தபடியே தைக்க வேண்டும். கூட இழுத்தால் துணி சுருங்கும், குறைவாக இழுத்தால் பட்டி தொங்கும். ஜாயின்ட் பின்பக்கம் விழ வேண்டும். எழுத்து கோணினால் செக்கிங் மேஜையில் பீஸ் திரும்பி வந்துவிடும். மறைந்து கிடக்கும் துணிக்கு இவ்வளவு பாடு யாரும் படமாட்டார்கள். தெரியத்தான் போகிறது என்று முடிவு செய்த பிறகு வந்த வேலை இது.

அந்த முடிவை உலகத்துக்குப் பழக்கியது அமெரிக்காவின் கால்வின் க்ளைன் நிறுவனம். 1982இல் ஆண்கள் ஜட்டி விற்க, டாம் ஹிண்ட்னாஸ் என்ற போல் வால்ட் வீரரை கிரேக்கத் தீவான சான்டோரினியில் வெள்ளைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, புகைப்படக் கலைஞர் புரூஸ் வெபரை விட்டுப் படம் எடுத்தார்கள். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் பிரம்மாண்டமாக வைத்தார்கள். பஸ் நிறுத்தங்களில் ஒட்டிய போஸ்டரைக் கண்ணாடி உடைத்துத் திருடிக்கொண்டு போனவர்கள் உண்டு. 1992இல் அடுத்த அடி. மார்க்கி மார்க் என்ற பெயரில் ராப் பாடிக்கொண்டிருந்த மார்க் வால்பெர்க், அப்போதுதான் வளர்ந்துவந்த மாடல் கேட் மோஸ் இருவரையும் ஹெர்ப் ரிட்ஸ் படமெடுத்தார். இடுப்புக்குக் கீழே தொங்கும் ஜீன்ஸ், அதற்கு மேலே ‘கால்வின் க்ளைன்’ என்று எழுதிய பட்டி. வாங்கியவர்கள் தங்கள் இடுப்பையே விளம்பரப் பலகையாக அந்த நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள், அதற்கும் காசு கொடுத்து. அந்தப் பட்டியின் வேகம் இன்னும் குறையவில்லை. 2024 ஜனவரியில் நடிகர் ஜெரமி ஆலன் வைட் நியூயார்க் மொட்டை மாடியில் அதே பட்டியோடு நின்ற விளம்பரம் உலகம் முழுக்கச் சுற்றியது.

ஜீன்ஸை இப்படித் தொங்கவிடும் பழக்கம் கால்வின் க்ளைன் கண்டுபிடித்தது அல்ல. அமெரிக்க நகரங்களின் கறுப்பின இளைஞர்களும் ஹிப்-ஹாப் பாடகர்களும் தெருவில் உருவாக்கியது. சிறையில் பெல்ட் கொடுக்க மாட்டார்கள், அங்கிருந்து வந்த பழக்கம் என்று ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. எங்கிருந்து வந்ததோ, விளம்பரத்தில் அதைப் போட்டு நின்றவர் வெள்ளைக்காரர். விற்பனை ஏறியது. அதே கோலத்தில் தெருவில் நின்ற கறுப்பின இளைஞனுக்கு என்ன கிடைத்தது?

லூசியானா மாநிலத்தின் டெல்காம்பர் என்ற சிற்றூர் 2007இல் ஒரு சட்டம் போட்டது. பேன்ட் இறங்கி ஜட்டி தெரிந்தால் 500 டாலர் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. அடுத்தடுத்து வேறு ஊர்களும் போட்டன. ஃபுளோரிடாவின் ரிவியேரா பீச் நகரில் 2008இல் வாக்கெடுப்பு நடத்தியே சட்டம் கொண்டுவந்தார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் பேன்ட் தொங்கியதற்காக ஓர் இரவு முழுக்கக் காவலில் இருந்தான். அந்தச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் நின்ற பராக் ஒபாமாவிடம் இதைக் கேட்டார்கள். இப்படிச் சட்டம் போடுவது நேர விரயம் என்றார். கூடவே, தம்பிகளே பேன்ட்டை மேலே ஏற்றுங்கள் என்றும் சொன்னார். அவர் வாயிலும் இரண்டும் சேர்ந்தே வந்தன.

லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரில் இதே மாதிரிச் சட்டம் 2007இலிருந்து 12 ஆண்டுகள் இருந்தது. 2019 பிப்ரவரியில் 31 வயதுக் கறுப்பின ஆண் ஒருவரை, பேன்ட் தொங்குகிறது என்று போலீஸ்காரர் நிறுத்தப் பார்த்தார். அவர் ஓடினார். துப்பாக்கிகள் வெடித்தன. அவர் இறந்தார். உயிரைப் பறித்த குண்டு அவரே சுட்டுக்கொண்டது என்றார் பிரேதப் பரிசோதனை அதிகாரி. போலீஸ் குண்டுகளும் அவர் உடலில் பாய்ந்திருந்தன. அதன் பிறகுதான் ஊர் தன் கணக்கைப் புரட்டிப் பார்த்தது. அந்தச் சட்டத்தில் கைதானவர்களில் 96 சதவீதம் பேர் கறுப்பின ஆண்கள். அந்த ஆண்டு ஜூனில் நகர மன்றம் சட்டத்தை நீக்கியது. ஓர் உயிர் போன பிறகு.

பாரிஸ் மேடையில் சமிக்கி ஜட்டிக்குக் கை தட்டுகிற உலகம் இந்த ஊரையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும். கெண்டல் ஜென்னர் தெருவில் நடந்தபோது யாரும் அவரை நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. அந்தச் சுதந்திரம் ஏன் அவருக்கு மட்டும் வாய்த்தது என்பதுதான் கேள்வி.

*

விளையாட்டு மைதானத்துக்கு வந்தால் கதை இன்னும் தெளிவாகிறது. 1977இல் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற மூன்று பெண்கள், ஆண் வீரர்கள் அணியும் ஜாக்ஸ்ட்ராப் இரண்டை வெட்டி ஒன்றாகத் தைத்தார்கள். ஓடும்போது மார்பு வலிக்கிறது, தோள்பட்டி நழுவுகிறது, கொக்கி குத்துகிறது. அவர்கள் தீர்க்கப் பார்த்தது அதைத்தான். அதுவே முதல் ஸ்போர்ட்ஸ் பிரா. 1999 ஜூலையில் மகளிர் உலகக் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டி. சீனாவுக்கு எதிராகக் கடைசிப் பெனால்டியைக் கோலாக்கிய பிராண்டி சாஸ்டைன் சட்டையைக் கழற்றிச் சுழற்றிவிட்டு, கருப்பு ஸ்போர்ட்ஸ் பிராவோடு மண்டியிட்டார். கோல் போட்ட ஆண்கள் எத்தனையோ பேர் அதையே செய்திருக்கிறார்கள். ஆனால் சாஸ்டைனின் பிரா ஒரு விவாதப் பொருளானது. 2022இல் லண்டன் வெம்ப்லி மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்த க்ளோயி கெல்லி அதையே செய்தபோது, ஆண்களுக்குக் காட்டுவது போலவே ஒரு மஞ்சள் அட்டை காட்டினார்கள். வேலை முடிந்தது. பெரும்பாலானவர்கள் கை தட்டினார்கள். இந்த 23 ஆண்டு மாற்றத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை.

நடுவில் 2021இல் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். பல்கேரியாவில் கடற்கரை ஹேண்ட்பால் போட்டி. பெண்கள் பிகினி ஜட்டிதான் அணிய வேண்டும், அதன் அளவு இவ்வளவுதான் இருக்கலாம் என்பது விதி. ஆண்கள் டிரவுசர் போடலாம். நார்வே பெண்கள் அணி இதை மறுத்து, தொடை மூடும் டிரவுசரோடு களமிறங்கியது. 1,500 யூரோ அபராதம் விதித்தார்கள். பாடகி பிங்க் அந்தப் பணத்தைத் தானே கட்டுவதாக முன்வந்தார். பிறகு விதி மாறியது. காட்டியதற்குத் தண்டனை ஷ்ரீவ்போர்ட்டில், மூடியதற்குத் தண்டனை பல்கேரியாவில்.

உடம்பின் மேல் துணி எவ்வளவு என்று சட்டம் போட்ட வரலாறு நமக்கும் உண்டு. தென்திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மார்பை மூடும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். 1859இல் திருவிதாங்கூர் அரசர் மூடிக்கொள்ளலாம் என்று அறிவித்தபோதும் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டு வந்தது: மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக்கூடாது. துணியை அனுமதித்தார்கள், சமத்துவத்தை அனுமதிக்கவில்லை.

உள்ளாடை வெளியாடையான கதையில் நம் பிழைப்பும் கலந்திருக்கிறது. உள்நாட்டுக்குப் பனியனும் ஜட்டியும் தைத்துக்கொண்டிருந்த திருப்பூருக்கு 1978இல் இத்தாலியின் வெரோனாவிலிருந்து ஒரு வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தார். பனியன் தைத்த அதே கைகள் டி-ஷர்ட் தைத்தன. உலகம் பனியனை வெளியே போட ஆரம்பித்ததால் வளர்ந்த ஊர் அது. இன்று அதன் ஏற்றுமதி ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். இலங்கையில் எம்.ஏ.எஸ் நிறுவனம் விக்டோரியாஸ் சீக்ரெட் போன்ற பெயர்களுக்கு உள்ளாடை தைத்தே பெரிதானது. போருக்குப் பிறகு கிளிநொச்சியில் அது திறந்த ஆலைகளுக்கு விடியல், வானவில் என்று பெயர். உலகச் சந்தைக்கான ஆடைகளை அங்கே தமிழ்ப் பெண்கள் தைக்கிறார்கள்.

அப்படியிருக்க, 2005இல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியல் மாணவர்களுக்கு ஜீன்ஸ், டி-ஷர்ட், ஸ்லீவ்லெஸ் எல்லாம் கூடாது என்றது. லோ ஹிப் ஜீன்ஸ் காலம் அது. பையன்கள் குனிந்தால் ஜட்டிப் பட்டி தெரியும், வகுப்பில் சிரிப்பார்கள், அதோடு சரி. பெண்ணின் பிரா ஸ்ட்ராப் ஓரமாக எட்டிப் பார்த்தால் சிரிப்போடு முடியாது. தோழி பதறி வந்து உள்ளே தள்ளிவிடுவாள், ஆசிரியை தனியாகக் கூப்பிட்டுக் கண்டிப்பார், வீட்டுக்குப் போன் போகும். இன்றும் பெரிதாக மாறவில்லை. லுங்கியை மடித்துக் கட்டினால் முட்டிக்கு மேலே கோடு போட்ட பட்டாபட்டி தெரிய, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற பெரியவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் வீட்டு மொட்டை மாடியில் மனைவியின், மகளின் உள்ளாடைகள் துண்டுக்கு அடியிலும் நைட்டிக்கு அடியிலும் ஒளிந்து காய்கின்றன. வெயில் படாத துணி ஈர வாடை போகாமல் உடம்புக்கு வருகிறது, அரிப்பு வருகிறது. அதையும் வெளியே சொல்வதில்லை.

எல்லோரும் மியூ மியூ மாதிரி உடுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கே அதில் பாதி பிடிக்காது. பிடிக்காததைச் சட்டமாக்குவதும், அந்தச் சட்டத்தை எளியவர் மேல் மட்டும் பாய்ச்சுவதும்தான் தவறு. பள்ளி, கல்லூரி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆடை விதிகளை எழுத உட்காரும்போது மாணவிகளையும் அந்த மேஜையில் உட்கார வையுங்கள். எழுதிய விதி பையனுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஸ்ட்ராப் தெரிகிறது என்பதற்காக எந்தப் பெண்ணையும் வகுப்பிலிருந்து வெளியே அனுப்பாதீர்கள்.